மெத்தைக்கு அடியில் பனியன்

9 ஜூன் 1968, ஞாயிறு

நங்கையா வந்து போனார். இவருடைய அக்கா என்கிற உரிமை. வந்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் காங்கேயத்துக்குப் பஸ் ஏற வேண்டியதுதானே? வீடு முழுக்கச் சுற்றி வந்தார். சமையல்கட்டில் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. பிள்ளைகள் அறைக் கதவைத் திறந்தார். கிடைத்துவிட்டது.

"ஏம்புள்ள சாரதா, இது புள்ளைங்க படுக்கற ரூமா, எருமைக் கட்டுத்தறியா? எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவ ஊட்டுல இப்பிடியா கெடக்கும்?"

அதையும் மெல்லச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முன்பாதி பனியன் கம்பெனி, பின்பாதி குடித்தனம். நடுவே ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் டெய்லர்கள் 'நூறு' என்பார்கள். அவர்கள் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

இவர் என்ன செய்தார்? சிரித்தார். "அவளுக்கு நேரம் ஏதுக்கா, எப்பப் பாரு பொஸ்தகமும் கையுமா" என்று ஒத்து வேறு ஊதினார். நான் புத்தகத்தைத் தொட்டு எத்தனை காலமாகிறது என்று இவருக்குத் தெரியுமா? பொழுது விடிந்தால் கத்தரியும் கையுமாக இவருடைய பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பது யாராம்?

அறை குப்பையாகத்தான் கிடந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஜன்னல் கம்பியில் மூத்தவள் ருக்குவின் பாவாடை. தரையெல்லாம் அவளுடைய அஞ்சாங்கல். சின்னவன் நூல் சுற்றி வரும் காலிக் காகிதக் கோன்களை வரிசையாக நிறுத்தி லாரி ஆபீஸ் நடத்துகிறான். இந்த வீடு கட்டும்போது நான் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான் - பிள்ளைகளுக்கென்று ஓர் அறை. கேட்டு வாங்கிய அறையை இப்படி வைத்திருக்கிறேனே என்று அந்த அம்மாள் சொல்லும்படி ஆகிவிட்டது. அதுதான் பொறுக்கவில்லை.

நாளைக்கு ஒரு கை பார்க்கிறேன்.

10 ஜூன்

பார்த்துவிட்டேன். காலையிலிருந்து வேறு வேலை இல்லை. ருக்குவுக்கு ஒரு தகரப்பெட்டி, சின்னவனுக்கு ஒன்று. பள்ளிக்கூடப் பைக்கு ஓர் ஆணி. பழைய துணியும் உடைந்த சாமானும் மேலே அட்டாலிப் பரணுக்குப் போயின. கட்டில்களுக்கு அடியில் சீமாறு விட்டுக் கூட்டினேன். ஒரு படி பஞ்சுத்தூசி வந்தது. கோன்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி மூலையில் நிறுத்தினேன். சின்னவன் உதடு துடித்தது. "துரை, அழுதீன்னா அடுப்புல போட்டுருவேன்" என்றேன்.

அவனுக்கு மாமனார் பெயரை வைத்துவிட்டார்கள். மாமனார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. ஆகவே பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வழியில்லை. அவன் எனக்குத் துரை, சின்னவன், கண்ணு, கோபம் வந்தால் 'டேய்'.

சாயங்காலம் கதவருகே நின்று பார்த்தேன். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் காலி. கண் நிறைந்தது.

11 ஜூன்

அந்தச் சுவரோரம் இன்று பனியன் பெட்டி அடுக்கியிருக்கிறார். கேட்டால், "சும்மாதான கெடக்குது?" என்கிறார்.

15 ஜூன்

"ரெண்டே நாளு, லாரிக்குப் போயிரும்" என்றார். போனவை போயின, அதைவிட அதிகமாக வந்தன. நேற்று கட்டில்களுக்கு அடியிலும் துணி உருளைகளைத் தள்ளியாயிற்று. அங்கே இருந்த சாமானை அட்டாலிக்கு ஏற்றிக் கூட்டிப் பெருக்கி வைத்தவள் நான்தானே. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்று சும்மாவா சொன்னார்கள்.

"கம்பெனி இருந்தாத்தான் ஊடு இருக்கும், சாரதா."

இருக்கட்டும். கம்பெனி இருக்கட்டும், வீடும் இருக்கட்டும். பிள்ளைகள் எங்கே இருப்பது? அதைக் கேட்டதற்குக் கல்கத்தா சேட்டின் பூஜை ஆர்டரைப் பற்றி ஒரு பிரசங்கம். துர்கா பூஜைக்குள் சரக்கு போய்ச் சேராவிட்டால் அவ்வளவுதானாம். துர்கைக்குத் தெரியுமா, அவளுக்காக என் பிள்ளைகள் கால் நீட்ட இடமில்லாமல் கிடக்கிறார்கள் என்று?

23 ஜூன், ஞாயிறு

ருக்குவை அடித்தேன். முதுகில் ஓர் அடி. பலமாகத்தான் விழுந்தது.

பன்னிரண்டு வயது. நாளைக்கு இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். நான் மடித்து வைக்க வைக்க இவள் கலைக்கிறாள். ஜன்னலோரம் சுத்தமாகக் கூட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் அஞ்சாங்கல், பாவாடை, கிழிந்த நோட்டு, தம்பியின் கோன் எல்லாம் அங்கே பரப்பிக் கிடக்கின்றன. கை தவறி அல்ல, வேண்டுமென்றே. என் கண்ணால் பார்த்தேன். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து இறைத்தாள்.

"ஏன்டி இப்பிடிப் பண்றே?"

பதில் இல்லை. அடி வாங்கிய பிறகும் இல்லை. வாயில் கொழுக்கட்டையா? யாரைக் கொண்டு பிறந்ததோ இந்தப் பிடிவாதம். நான் இந்தப் பக்கம் அடுக்கி, இவர் அந்தப் பக்கம் அடைத்து, இவள் நடுவில் இறைத்து - எனக்கு ஏதாவது ஒரு நாள் பைத்தியம் பிடிக்கும்.

4 ஜூலை

அந்த அறையில் பின்கதவு என்று ஒன்று இருந்தது. இப்போது சுவரோடு சுவராகப் பெட்டி.

10 ஜூலை

இஸ்திரி போடுகிற ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். தைத்த பனியன் சுருங்கிக் கிடக்கிறது. தேய்க்காமல் பெட்டி போட முடியாது. வேறு ஆள் தேட வேண்டியதுதானே? இல்லை. இவருக்கு ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளின் கட்டில் மேல் பனியனைச் சீராக அடுக்கி, அதன் மேல் பலகை, பலகை மேல் மெத்தை, மெத்தை மேல் பிள்ளைகள்.

"காலையில எந்திரிச்சுப் பாரு, இஸ்திரி போட்டாப்பல இருக்கும். ரெண்டு புள்ளைங்க வெயிட்டு போதும்."

நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பலகையைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஆட்கள் வந்த பிறகுதான் விளங்கியது. "ஏனுங்க, புள்ளைங்களா இஸ்திரிப் பெட்டியா?" என்று கேட்டேன். "நாங்கெல்லாம் கட்டாந்தரையில படுத்து வளந்தவிய. இதுகளுக்கு மெத்தையும் உண்டு, பலகையும் உண்டு. என்ன கொறைஞ்சு போச்சு?" என்றார்.

என்ன குறைந்து போயிற்று! நான் சுமந்து பெற்றதுகளுக்கு இவர் எடை போட்டு வைத்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆட்கள் நின்றார்கள். ஆட்கள் முன்னால் புருஷனைப் பேசக் கூடாது. ஆட்கள் முன்னால் பெண்டாட்டியை எது வேண்டுமானாலும் சொல்லலாம்.

17 ஜூலை

யோசனை பலித்துவிட்டதாம். மடிப்பு கலையாமல் வருகிறதாம். அடுத்த தெரு பனியன் கம்பெனிக்காரரைக் கூட்டி வந்து மெத்தையைத் தூக்கிக் காட்டுகிறார். அந்த மனிதர் அசந்து போய், "அட, நம்மூட்டுலயும் மூணு இருக்குதுங்களே!" என்றார். மூன்று என்றது பிள்ளைகளை.

பிள்ளைகளுக்குப் புது உத்தரவு: "பொறளாமப் படுங்க, கண்ணு. பொறண்டா மடிப்பு போயிரும்."

பிணம்தான் புரளாமல் படுக்கும். இதை நேரில் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன். நூல் கடைக்காரர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. கம்பெனிச் செலவில் கம்பெனியைத் திட்டுவதில் ஒரு சின்னத் திருப்தி.

28 ஜூலை, ஞாயிறு

நங்கையா வந்தார். நேராகப் பிள்ளைகள் அறைக்குத்தான் போனார். பெட்டிகள் கோடு போட்டாற்போல நின்றன. மெத்தைகள் தாம்பாளம் போலச் சமமாக இருந்தன. பாவாடை இல்லை, கோன் இல்லை. ஜன்னலோரம் மட்டும் ருக்குவின் குப்பை கொஞ்சம். அதைக் காலால் அக்கட்டால தள்ளினார்.

"இப்பத்தான் ரூமு ரூமாட்டம் இருக்குது" என்று மெச்சினார்.

பிள்ளைகள் இருக்கிற அடையாளமே இல்லாத அறை. அதற்குத்தான் எனக்கு நல்ல பெயர்.

6 ஆகஸ்ட், செவ்வாய்

எப்படி எழுதுவேன் இதை.

காலையில் இவர் பனியன் எடுக்க மெத்தையைத் தூக்கினார். துரையின் மெத்தை நனைந்திருந்தது. பலகை இடுக்கில் இறங்கி வெள்ளைப் பனியனில் மஞ்சள் மஞ்சளாகக் கறை. நான் அடுப்படியில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடுவதற்குள் ஈர டிராயரோடு பிள்ளையைத் தரதரவென்று கம்பெனிக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு கையில் அவன், ஒரு கையில் கறைப் பனியன்.

"பாருங்கப்பா, நம்ம கம்பெனியில புதுசாச் சாயப்பட்டறை தொறந்துருக்குது. பொங்கியண்ணன் சாயப்பட்டறை!"

நான் வாயால் சொல்லாத பிள்ளையின் பெயர் அது. சிரித்தார்கள். முதலாளி சிரிக்கும்போது சிரிக்காமல் இருக்க முடியுமா? மிஷின் சத்தத்துக்கு மேலே அந்தச் சிரிப்பு. கட்டிங் மாஸ்டர் சேக் தாவூது மட்டும் கத்தரியை மேசையில் வைத்துவிட்டு வந்தார். "வேண்டாங்க மொதலாளி, பச்சப்புள்ளைங்க" என்று சொல்லித் தன் தோள் துண்டை எடுத்து அவன் இடுப்பில் சுற்றினார்.

துரை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை எரியாது. ஏழு வயதுப் பிள்ளை, தலையைக் குனிந்துகொண்டு நின்றது. மனுஷனா இவர்? பனியனைத் துவைத்தால் வெளுக்கும். இது எந்தச் சலவையில் போகும்?

7 ஆகஸ்ட்

துரைக்கு மூன்று வயதிலேயே விட்டுப்போன பழக்கம் அது. இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. மடியில் போட்டுக்கொண்டு மெல்லக் கேட்டேன்.

"ஏன் கண்ணு, எந்திரிச்சுப் போகலாமில்ல?"

"கதவு தெறக்காதுங்கம்மா. பெட்டி இருக்குது."

பின்கதவைத் திறந்தால் கொல்லைப்புறம், பொடக்காளி. அங்கே போவதற்குத்தான் அந்த அறைக்கு அந்தக் கதவை வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் யாரையும் எழுப்பாமல் போய் வரட்டும் என்று.

"நகத்தறதுதானே?"

"பெட்டியத் தொட்டாத் தோல உரிச்சுப் போடுவேன்னு அப்பா சொன்னாருங்க. உங்க ரூமு வழியா வந்தா அப்பா எந்திரிச்சுக்குவாருங்க. நானு அடக்கிட்டுத்தான் இருந்தனுங்க. புரளக்கூட இல்லீங்கம்மா."

புரளக்கூட இல்லை.

இவரிடம் போய்ச் சொன்னேன். கதவை மறித்தது நீங்கள், வழியை அடைத்தது நீங்கள், சந்தி சிரிக்க வைத்ததும் நீங்கள். அவ்வளவும் சொன்னேன். இவர் நிதானமாக வெற்றிலை போட்டுக்கொண்டு பதில் சொன்னார். அக்காவிடம் பேசியாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து துரையைக் காங்கேயம் கூட்டிப் போவாராம். அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்களாம். ரைஸ்மில் வீடு, பால் தயிருக்குப் பஞ்சமில்லை. ருக்கு அடுப்படியில் படுத்துக்கொள்ளட்டும். ஆயுத பூஜைக்கு அந்த அறையில் ஓவர்லாக் மிஷின் இறக்குகிறாராம்.

என்னைக் கேட்கவில்லை. என் பிள்ளை. கேட்கவில்லை.

9 ஆகஸ்ட், வெள்ளி

துரையின் துணிகளை எடுத்து வைக்கச் சொன்னார். பெட்டியைத் திறந்தேன், மூடினேன். கை சும்மா இருக்கவில்லை. வழக்கம்போல ஜன்னலோரக் குப்பையை அடுக்கத் தொடங்கினேன். ருக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுக்காதீங்கம்மா."

"ஏன்டி?"

"அடுக்குனா எடம் காலியாயிருமுங்க. காலியா இருந்தா அப்பா பெட்டி வெச்சுருவாருங்க. நானு எறைச்சுப் போட்ட எடத்துல மட்டுந்தான் இன்னும் வெக்கல. பாருங்க."

பார்த்தேன். மூன்று சுவரும் பெட்டி. ஜன்னலோரம் பாய் அகலத்துக்கு ஓரிடம், அஞ்சாங்கல்லும் கோனும் கிழிந்த நோட்டும் காவல் காக்க, அப்படியே இருந்தது. பகலில் இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்பது அங்கேதான்.

இவள் வேலி போட்டிருக்கிறாள். நான் போய் வேலியைப் பிடுங்கி மடித்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அடித்தும் இருக்கிறேன்! ஒழுங்கு, ஒழுங்கு என்று இரண்டு மாதமாக நாயாய் உழைத்தேனே, யாருக்கு இடம் ஒழித்துக் கொடுத்தேன்? கல்கத்தா சேட்டுக்கு.

"அப்பவே சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னா நீங்க அப்பாகிட்டச் சொல்லிருவீங்க."

சொல்லியிருப்பேன்தான்.

10 ஆகஸ்ட், சனி

இவர் நூல் விஷயமாகக் கோயமுத்தூர் போனார். நல்லதாகப் போயிற்று.

பெட்டி அத்தனையையும் எங்கள் படுக்கை அறைக்கு மாற்றிவிட்டேன். நானும் ருக்குவும் தூக்க, துரை முன்னால் நடந்து 'வண்டி வருது, வழி விடு' என்று கத்தினான். பெட்டி போடுகிற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஒரு பெட்டி நசுங்கவில்லை, ஒரு பனியன் கசங்கவில்லை. பூஜை ஆர்டர் கெட்டது என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. கட்டிலில் இருந்த பனியன்களையும் பலகையையும் எங்கள் கட்டிலுக்குக் கொண்டு போனேன். சீராக அடுக்கி, பலகை போட்டு, மேலே எங்கள் மெத்தை. இவர் அடுக்கியதைவிட நன்றாகவே அடுக்கினேன்.

பிறகு பிள்ளைகள் அறையில் குப்பை போட்டோம். அட்டாலியில் இருந்ததெல்லாம் கீழே வந்தது. எனக்குச் சரியாக வரவில்லை. கை தானாக வரிசை வைக்கிறது. ருக்கு அதட்டினாள்: "இப்பிடி இல்லீங்கம்மா. அங்க பாருங்க, ஒரு பெட்டி வெக்கற அளவுக்கு எடம் இருக்குது." அந்த இடத்தில் என் தையல் கூடையைக் கவிழ்த்தேன். துரை சிரித்தான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இன்றுதான் சிரித்தான்.

பின்கதவைத் திறந்து விட்டேன். காற்று வந்தது.

11 ஆகஸ்ட், ஞாயிறு

நேற்று இவர் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. அலுப்பில் எதையும் பார்க்காமல் கூடத்து ஆசாரத்திலேயே பாயை விரித்துப் படுத்துவிட்டார். ஆகவே இன்று காலை நங்கையா வந்தபோது இருவருமாகச் சேர்ந்துதான் பார்த்தார்கள்.

நங்கையா வாசற்படியில் நின்றார். உள்ளே கால் வைக்க இடமில்லை. "அடி ஆத்தா! என்றா இது, சிவசுப்பிரமணி? போன தடவ ரூமு எப்பிடி இருந்துச்சு!"

இவர் படுக்கை அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுச் சிவந்து போய் வந்தார். "அதையெல்லாம் ஏன்டி அங்க கொண்டு போயி வெச்சே? நாம எங்க படுக்கறது?"

"மேலதானுங்க. ரெண்டு புள்ளைங்க வெயிட்டே போதும்னு சொன்னீங்க. நம்ம வெயிட்டுக்கு மடிப்பு இன்னம் நல்லா உளுகுமுங்க."

கம்பெனிப் பக்கம் மிஷின் சத்தம் நின்றுவிட்டது. ஆர்டர் அவசரத்தில் ஞாயிறும் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டுமே. என் பிள்ளையை நிறுத்திய இடம்தானே அது.

நங்கையா சமாதானம் செய்கிறாற்போல, "செரி, அது உங்க பாடு. பையனக் கௌப்பு, எனக்கு நேரமாகுது" என்றார்.

நான் சொன்னேன்: "பொங்கியண்ணன் எங்கயும் வரமாட்டானுங்க."

அவ்வளவுதான். நங்கையா வாயில் கையை வைத்தார். "எங்கப்பன் பேரச் சொல்லிப் போட்டாளே!" இவர் என்னையே பார்த்தார். நான் விடவில்லை. "எம் மவன் பேரச் சொன்னனுங்க. அன்னைக்குக் கம்பெனியில நின்னு நீங்க கத்தலாம், பெத்தவ சொல்லக் கூடாதுங்களா? பொங்கியண்ணா, இங்க வா சாமி."

துரைக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்பது ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு கோன்களைத் தாண்டிக் குதித்து வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நங்கையா காப்பிகூடக் குடிக்காமல் தனியாகப் பஸ் ஏறினார்.

12 ஆகஸ்ட்

இவர் என்னோடு பேசவில்லை.

15 ஆகஸ்ட்

பேசினார். "முதுகு புடிச்சுக்கிச்சு. தைலம் எங்க?"

புரண்டு படுத்திருப்பீர்கள் என்றேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

பலகை போயிற்று. இஸ்திரிக்கு ஆள் வந்தாயிற்று. சேக் தாவூது மாஸ்டர்தான் தன் தெருவில் சொல்லி அழைத்து வந்தார். எடுக்கும்போது இவர் பலகையைத் தட்டிப் பார்த்து, "இதுல எப்பிடித்தான் படுத்துச்சுகளோ" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பலகையிடம் சொன்னார்.

எனக்கு மனம் இளகவில்லை. இளக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? துரை இன்னமும் கம்பெனி வழியாகப் போவதில்லை. தெருவைச் சுற்றிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறான்.

8 செப்டம்பர், ஞாயிறு

நல்லூர் ரோட்டில் கோடவுன் ஒன்று பிடித்துவிட்டு வந்தார். எங்கள் அறைப் பெட்டிகளெல்லாம் மாட்டு வண்டியில் போயின. ஓவர்லாக் மிஷினும் அங்கேதான் இறங்குமாம். வண்டி கிளம்பியதும் இவர் துரையைக் கம்பெனி வாசலில் நின்று கூப்பிட்டார். உள்ளே வரச் சொல்லவில்லை. காலிக் கோன் ஒரு மூட்டை வைத்திருந்தார். "பொங்கியண்ணா, இந்தா. உன்ற லாரி ஆபீசுக்கு." அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு வாங்கிக்கொண்டான்.

நங்கையாவிடமிருந்து ஆள் வந்தது, அடுத்த ஞாயிறு வருகிறாராம். வரட்டும்.

சாயங்காலம் சீமாற்றோடு பிள்ளைகள் அறைக்குப் போனேன். மூட்டையை அவிழ்த்து வாசல்வரைக்கும் லாரி நிறுத்தியிருக்கிறான். பின்கதவு திறந்து கிடந்தது. இரண்டு எட்டு வைப்பதற்குள் ருக்குவின் அஞ்சாங்கல் ஒன்று உள்ளங்காலில் ஏறியது. உயிர் போகிற வலி.

குனிந்து எடுத்தேன். இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.